இருப்பிடம் மாறியபோது: சிங்கப்பூர்க் குடிபெயர்வும் உடன்பிறந்தோர் கல்வியும்



சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வி எவ்வாறு முடிவுக்கு வந்தது என்னும் வினாவுக்கு நம் மேடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றே. பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பினர். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். 1982ஆம் ஆண்டு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டதோடு அக்கல்வி மறைந்தது என்பதே அவ்விடை. அது தவறான விடையன்று. ஆனால் குறையுடைய விடை. "விரும்பினர்" என்னும் ஒரு சொல்லுக்குள் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்க்கை அடக்கி வைக்கப்பட்டுள்ளது. அவர்கள் எந்த நாளில் விரும்பினர்? எந்த மேசையின் முன் நின்று, எத்தனை பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு விரும்பினர்? இந்த வினாக்களுக்கு விடை தேட முற்பட்டால் கல்விக் கொள்கையின் வரலாற்றை மட்டும் படித்தால் போதாது. வீடமைப்பின் வரலாற்றையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். அவ்விரண்டும் சந்தித்த இடத்தில் நின்றவர்கள் உடன்பிறந்த பிள்ளைகள். அக்காளை ஒரு பள்ளியிலும், அண்ணனை இன்னொரு பள்ளியிலும், தம்பியை வேறொரு பள்ளியிலும் சேர்க்க நேர்ந்த குடும்பங்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். என் குடும்பமும் அவற்றுள் ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை.

பழைய ஊர்ப்படத்தை ஒருமுறை மனத்தில் விரித்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தீவில் தமிழர்கள் சில இடங்களில் செறிந்து வாழ்ந்தனர். வடக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் அதனுள் தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்தன. நடுவே சிராங்கூன் சாலை வட்டாரம். தெற்கே துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார். அங்குக் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. கடையநல்லூர் என்னும் பெயரையே தாங்கிய தெருவொன்று மேக்ஸ்வெல் சாலைக்கு அருகில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் ஓர் ஊர்ப்பெயர் சிங்கப்பூர்த் தெருப்பலகையில் ஏறியது சிறு செய்தி அன்று. இவை தவிர, இரயில்வே குடியிருப்புகள், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்புகள், வடக்கில் எஞ்சியிருந்த இரப்பர்த் தோட்டங்கள் ஆகியவற்றிலும் தமிழர் வாழ்ந்தனர்.

தமிழ்ப் பள்ளிகள் இக்குடியிருப்புகளின் நிழலில்தான் முளைத்தன. சீனக் கல்விக்குப் பின்னால் குலச் சங்கங்களும் பெருவணிகர்களும் நின்றனர். தமிழ்ப் பள்ளிக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களும் சிறுகடைக்காரர்களும் ஆவர். சமய அமைப்புகளும் சமூக அமைப்புகளும் பள்ளிகளை நடத்தின. இராமகிருஷ்ண இயக்கம் நாரிஸ் சாலையில் நடத்திய விவேகானந்தர், சாரதாமணி தேவியார் பெயர்கொண்ட பள்ளிகள் பலருக்கும் நினைவிருக்கும். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளியே சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைத் தாங்கியது. 1960இல் அதில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. நாட்டில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப்பள்ளி அது ஒன்றே.

இப்பள்ளிகள் எல்லாம் நடந்து செல்லும் தொலைவுக்காக அமைந்தவை. அதுவே அவற்றின் வலிமை. பின்னர் அதுவே அவற்றின் நலிவுக்கும் காரணமாயிற்று. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இரண்டு தெருக்கள். அக்காள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். பள்ளியில் இடம் வேண்டி விண்ணப்பம் எழுதியவர் மிகச் சிலர். தலைமையாசிரியருக்குத் தந்தையைத் தெரியும். மூத்த பிள்ளையைத் தெரியும். ஆகவே இளைய பிள்ளையின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிவிடும். உடன்பிறந்தோர்க்கு முன்னுரிமை என்னும் விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் தேவை எழவில்லை.

இந்த ஊர்ப்படம் கலையத் தொடங்கியது 1960களில். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி முதல் நாளில் செயற்படத் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை அது கட்டியது. அதற்கு முந்தைய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிலையம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே என்பதை எண்ணிப் பார்த்தால் வேகம் புலப்படும். 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தது; அது இவ்வேகத்தை மேலும் முடுக்கியது. 1964இல் வீட்டுரிமைத் திட்டம், 1966இல் நில எடுப்புச் சட்டம், 1968இல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்க இசைவு. குவீன்ஸ்டவுன், தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக், கிளமெண்டி, உட்லண்ட்ஸ், ஈசூன் எனப் புதுநகர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1985ஆம் ஆண்டளவில் மக்களுள் ஐவரில் நால்வர் கழக வீடுகளில் வாழ்ந்தனர். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாடே வீடு மாறியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இம்மாற்றத்தின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. அத்தாப்புக் கூரை ஒழுகும் வீட்டில் மழைக்காலத்தைக் கழித்தவர் எவரும் மறுக்கமாட்டார். குழாயைத் திறந்தால் நீர், விசையைத் தட்டினால் விளக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. இவை என் தாயார் தம் வாழ்நாள் முழுதும் நன்றியோடு பேசியவை. நான் சொல்ல வருவது வேறு. வீடு ஒதுக்கப்பட்டது பதிவு வரிசைப்படி. ஒரு குடியிருப்பில் அருகருகே வாழ்ந்த பத்துத் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் புளோக்குகளுக்கு, சில வேளை மூன்று நகர்களுக்குச் சிதறின. புதுநகரில் தொடக்கப்பள்ளிகள் உடனுக்குடன் கட்டப்பட்டன. ஆங்கில வழியில் இடம் இருந்தது. சீன வழியிலும் பல இடங்களில் இருந்தது. தமிழ் வழியில் இல்லை.

ஏன் இல்லை? இங்குப் பகைமையைத் தேட வேண்டா. எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியர் நூற்றுக்கு எழுவர். அவருள் மூவரில் இருவர் தமிழர் என்று கொள்வோம். புதுநகர்ப் பள்ளியொன்றில் தொடக்கநிலை ஒன்றில் 400 பிள்ளைகள் சேர்ந்தால், மக்கள்தொகையின் விகிதப்படி இந்தியப் பிள்ளைகள் 28 பேர். தமிழ்ப் பிள்ளைகள் 18 அல்லது 19 பேர். அவர்கள் அனைவரும் தமிழ்வழியை நாடினால்கூட 40 பேர் அமரும் வகுப்பறையில் பாதி காலியாக இருக்கும். பாதிப்பேர் ஆங்கிலத்தை நாடிவிட்டால் ஒன்பது பேருக்கு ஒரு வகுப்பா? நான் போட்ட இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் குடியிருப்பு கலைந்த பிறகு தமிழ்ப் பள்ளி நிலைத்திருக்க இயலாமைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிட்டவில்லை. 1956ஆம் ஆண்டின் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை நான்கு மொழிவழிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. அதன் வழிவந்த கொள்கையும் சமன்மையையே பேசியது. கொள்கை ஏட்டில் நான்கு மொழிகளும் சமம். பேருந்து நிறுத்தத்தில் அவை சமமாக இல்லை.

இனி என் குடும்பத்துக்கு வருகிறேன்.

என் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1938இல் பெரிய உலர்துறை திறக்கப்பட்ட அத்தளம் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. 1968 சனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறிச் செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று; பலருக்கு வேலை தொடர்ந்தது. பலருக்குத் தொடரவில்லை. குடியுரிமை பெறாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டியிருந்தது. கிடைக்காதோர் கப்பலேறி ஊர் திரும்பினர். தளத்துக் குடியிருப்பில் எங்கள் வரிசையிலேயே அவ்வாறு வெறுமையான வீடுகள் இருந்தன. தந்தையார் குடியுரிமை பெற்றிருந்தார். ஆனால் வேலை போயிற்று. வேலையோடு குடியிருப்பும் போயிற்று. நகரில் வேறு வேலை தேடிக்கொண்டு 1972 ஏப்ரலில் எங்களைத் தோ பாயோவுக்கு அழைத்து வந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இரண்டாம் எலிசபெத் அரசியார் அந்நகருக்கு வந்து உயரமான ஒரு புளோக்கின் மேல்தளத்திலிருந்து சுற்றுப்புறத்தைப் பார்த்துச் சென்றிருந்தார். அரசியார் பார்த்த ஊரில் நாம் குடியிருக்கிறோம் என்று அம்மா ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அப்போது அக்காள் தொடக்கநிலை ஆறில் இருந்தாள், அண்ணன் நான்கில், நான் மறு ஆண்டு பள்ளியில் சேர வேண்டியவன். முதல் இருவரும் வடக்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தனர். அக்காளுக்குத் தேர்வு ஆண்டு. பள்ளியை மாற்றுவது பற்றிப் பேச்சே எழவில்லை. அண்ணனை மட்டுமாவது அருகில் சேர்க்கலாம் என்று தந்தையார் எங்கள் புளோக்குக்கு எதிரே இருந்த தொடக்கப்பள்ளிக்கு அழைத்துச் சென்றார். இடம் இருக்கிறது, ஆனால் பையன் தமிழ்வழியிலிருந்து வருகிறான், ஆங்கிலத்தில் கணக்கும் அறிவியலும் படிக்க இயலாது, ஆகவே இரண்டு வகுப்பு இறக்கித்தான் சேர்க்க முடியும் என்று அங்கே சொன்னார்கள். அவ்வாறு சொன்னவர் கடுமையாகப் பேசவில்லை என்பதைத் தந்தையார் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. நான்காம் வகுப்பில் முதல் மாணவனாக இருந்த பத்து வயதுச் சிறுவனுக்கு அந்நியாயம் விளங்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காரமாட்டேன் என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டான்.

ஆகவே, இருவரும் அதிகாலையில் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, தாமசன் சாலை வழியாக வடக்கே சென்று வந்தனர். மறு ஆண்டு அக்காள் உமறுப்புலவர் பள்ளியில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்து தெற்கே போனாள். அண்ணன் தனியே வடக்கே போனான். நான் சாலையைக் கடந்து எதிரே இருந்த ஆங்கிலப் பள்ளிக்குப் பிற்பகல் வேளையில் போனேன். அக்காலத்தில் பெரும்பாலான பள்ளிகள் காலை, பிற்பகல் என இரண்டு வேளைகளாக இயங்கியதை மூத்த ஆசிரியர்கள் அறிவார்கள். அவர்கள் திரும்பும் நேரத்தில் நான் புறப்பட்டிருப்பேன். ஒரே வீட்டில் உறங்கி எழுந்த மூவர் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் ஒருவரையொருவர் காணவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், புள்ளிவிவர அட்டவணையில் என் தந்தையார் "ஆங்கில வழியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர்" என்னும் கட்டத்தில் ஓர் எண்ணாகவும், "தமிழ் வழியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர்" என்னும் கட்டத்தில் இரண்டு எண்களாகவும் நிற்கிறார். அவர் மனம் மாறிவிட்டார் என்றே அட்டவணையைப் படிப்பவர் முடிவு செய்வார். அவர் மனம் மாறவில்லை, முகவரிதான் மாறியது. ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே இரண்டு பேருந்து ஏற்றி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அக்காளும் தெற்கே போய்விட்டாள். அண்ணனுக்கோ வயது பதினொன்று.

எனினும், ஒரு குடும்பத்தின் கதையைக் கொண்டு முழு வரலாற்றையும் எழுதிவிடக் கூடாது. ஆங்கிலத்தின் பக்கம் மக்கள் சாய்ந்தது குடிபெயர்வுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வேலைச் சந்தை அதனைக் கோரியது. 1959இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தோருள் ஏறத்தாழ பாதிப்பேரே ஆங்கில வழியை நாடினர். 1978இல் பத்தில் ஒன்பது பேர் நாடினர். சீன வழிப் பள்ளிகளும் இதே காலத்தில் தேய்ந்தன; அவர்களும் வீடு மாறினார்கள், ஆனால் புதுநகர்களில் அவர்களுக்குப் பள்ளி இருந்தது. இருந்தும் தேய்ந்தன. எனவே குடிபெயர்வு இல்லாதிருந்தால் தமிழ்ப் பள்ளிகள் என்றும் நிலைத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. தயங்கி நின்ற குடும்பங்களைத் தள்ளியது எது என்பதே என் வினா. மூத்த பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பம் ஆங்கிலத்தின் பயனை அறியாத குடும்பம் அன்று. அறிந்தும் தமிழை விடாத குடும்பம். அத்தகைய குடும்பங்களின் கடைசிப் பிள்ளைகள்தாம் புதுநகர்களில் முதலில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர்கள் என்பது என் துணிபு.

இக்காலத்தில்தான் பள்ளிச் சேர்க்கை விதிகளும் உருப்பெற்றன. தொடக்கநிலை ஒன்று சேர்க்கையைப் பல கட்டங்களாக நடத்தும் முறை 1972இல் அறிமுகமாயிற்று. மூத்தவர் படிக்கும் பள்ளியில் இளையவருக்கு இடம் என்னும் கொள்கை இன்று அம்முறையின் முதற்கட்டமாக நிற்கிறது. நல்ல விதி, பெற்றோர் பாடறிந்து வகுத்த விதி. ஆனால் அவ்விதி பயன்பட வேண்டுமானால் மூத்த பிள்ளையின் பள்ளி, குடும்பம் இப்போது வாழும் இடத்துக்கு எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். தமிழ்ப் பள்ளியில் மூத்தவர் படித்த குடும்பத்துக்கு இம்முன்னுரிமை எதைத் தரும்? அதே தமிழ்ப் பள்ளியில் ஓர் இடத்தைத் தரும். அங்கு இடத்துக்கு என்றுமே பஞ்சமில்லை. இடம் இருந்த பள்ளிக்கு அருகில் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இருந்த ஊரில் அப்பள்ளி இல்லை.

சேர்க்கை விதிகள் உடன்பிறந்தோரை வேறொரு வகையிலும் எண்ணின. இதனை இன்றைய மாணவர்கள் நம்புவதற்குத் தயங்குவர். 1972இல் "இரண்டே போதும்" என்னும் பரப்புரை முழங்கியது. அதனைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி நான்காவது குழந்தைக்கும் அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும் தொடக்கநிலை ஒன்று சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. பெற்றோருள் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டால் பிள்ளைக்கு முன்னுரிமை கூடியது. 1984இல் பட்டதாரித் தாய்மார்க்கு மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. எழுந்த எதிர்ப்பினால் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1987இல் காற்று முற்றிலும் திசைமாறி, வசதி இருப்போர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்னும் அழைப்பு வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரே வரிசையில் மூன்றாம் பிள்ளை சுமையாகவும் பரிசாகவும் நின்றான். இவ்விதிகள் தமிழரைக் குறித்து எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீடுகளில் பள்ளி இடம் என்பது கடைசிப் பிள்ளைக்கு எளிதாக இருக்கவில்லை. வீடும் மாறியிருந்தால் இடர் இரட்டிப்பு.

தமிழ்வழிக்கு இடமில்லை என்றாலும் தமிழ் ஒரு பாடமாகவேனும் கிடைத்ததா? இரண்டாம் மொழி தொடக்கநிலையில் 1960இலும் உயர்நிலையில் 1966இலும் கட்டாயமாயிற்று. அரசமைப்புச் சட்டத்தின்படி தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆனால், நாற்பது வகுப்புகள் கொண்ட பள்ளியில் நிலைக்கு ஐந்தாறு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும்போது ஆசிரியர் ஒருவரை அமர்த்துவது எளிதன்று. அத்தகைய பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மலாய் படித்தனர். எதிர்ப்பள்ளியில் எனக்குக் கிடைத்ததும் மலாய்தான். மலாயை நான் விரும்பியே படித்தேன். அம்மொழியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அக்காளும் அண்ணனும் தமிழில் வரலாறும் புவியியலும் எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில், தமிழ் எழுத்து ஒன்றும் அறியாத தம்பி ஒருவன் அமர்ந்திருந்தான்.

எனக்குத் தமிழ் சொல்லித் தந்தவன் அண்ணன். எவரும் கேட்டுக்கொள்ளவில்லை, தானாகவே தொடங்கினான். தன் பழைய தொடக்கநிலை ஒன்றுப் பாடநூலை எடுத்து வந்து, வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறை வரிசை குறைந்த பிறகு. அவன் கண்டிப்பான ஆசிரியன். ஐகாரத்தின் கொம்பு தவறினால் பக்கம் முழுவதும் திரும்ப எழுத வேண்டும். பதின்மூன்று வயதில் அவனும் உமறுப்புலவர் பள்ளிக்குப் போனான். வேலைக்குச் செல்லும் வயதில், நேர்முகத் தேர்வுகளில் ஆங்கிலம் கேட்டவர்கள் முன் அவன் எவ்வாறு நின்றான் என்பதை இங்கு விரித்துரைக்க மாட்டேன். மாலை வகுப்புகளில் பல ஆண்டுகள் படித்துத் தன் காலில் நின்றான் என்பது போதும். அவ்வாண்டுகளில் அவனுடைய விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தந்தவன் நான். ஒருவன் தமிழ் கொடுத்தான், மற்றவன் ஆங்கிலம் கொடுத்தான் என்று உறவினர் வேடிக்கையாகச் சொல்வர். கொடுக்கல் வாங்கல் சமமாக இருந்ததாக நான் எண்ணவில்லை. அவன் கொடுத்ததை வைத்துத்தான் நான் பின்னர்த் தனித் தேர்வராகத் தமிழ் எழுதித் தேறி, தமிழாசிரியராக இங்கு நிற்கிறேன்.

1979 தொடக்கத்தில் வெளியான டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கை புதிய கல்வி முறைக்கு வழிகோலியது. அதே ஆண்டில் சீன மரபைப் பேணும் ஒன்பது உயர்நிலைப்பள்ளிகளுக்குச் சிறப்புத் தகுதி கிடைத்தது. தமிழுக்கு இருந்தது ஓர் உயர்நிலைப்பள்ளி. அதில் மாணவர் எண்ணிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. தஞ்சோங் பகார் வட்டாரத்துக் குடும்பங்களும் புதுநகர்களுக்குப் பெயர்ந்துவிட்டன. 1982இல் அது மூடப்பட்டது. 1983 டிசம்பரில், 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி என அரசு அறிவித்தபோது தமிழ்வழிப் பள்ளி என மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஆனால் 1983இல் நடந்த இன்னொன்றை நாம் போதிய அளவு பேசுவதில்லை. அவ்வாண்டு உமறுப்புலவரின் பெயராலேயே தமிழ் மொழி நிலையம் ஒன்று அமைந்தது. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள் பள்ளி முடிந்ததும் அங்கு வந்து தமிழ் படித்தனர். சிதறிய பிள்ளைகளைத் தேடித் தமிழ்ப் பள்ளி அவர்கள் ஊருக்குச் செல்ல இயலவில்லை. ஆகவே பிள்ளைகள் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தனர். என் கருத்தில் இது குடிபெயர்வு எழுப்பிய சிக்கலுக்குக் கிடைத்த முதல் உண்மையான விடை. பத்து ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கலாம் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன். ஏனெனில் இடைப்பட்ட பத்தாண்டுகளில் தமிழை எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்தவர்கள் என் வகுப்புத் தோழர்கள். அவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒருவன் வாய்க்கவில்லை.

நீரிணைக்கு அப்பாலும் ஒரு பார்வை வீசுதல் தகும். மலாயாவில் தோட்ட நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே போதும். அதனால் 1957இல் அங்கே 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டது. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளியோ தோட்டத்திலேயே நின்றது. இன்று எஞ்சியவை ஐந்நூற்றுச் சொச்சம். நம் கதைதான் அங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்குச் சில பள்ளிகள் தம் உரிமத்தோடும் பெயரோடும் மக்கள் குடியேறிய இடத்துக்கே இடமாற்றம் பெற்றன. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி வீடமைப்புப் பகுதியின் நடுவில் நிற்பதை மலேசியாவில் இன்றும் காணலாம். பள்ளி மக்களைத் தொடர்ந்து செல்ல முடியும் என்பதற்கு அவை சான்று. அங்கு அதற்குத் தேவையான எண்ணிக்கை இருந்தது. இங்கு இருந்ததா என்பதை முன்பு போட்ட கணக்கை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இன்றைக்கு வீடு மாறும் பெற்றோரின் கவலை வேறு வடிவம் கொண்டது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குள்ளா, இரண்டுக்குள்ளா என்று அளக்கிறார்கள். இடம் போதாத பள்ளியில் சீட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கிறார்கள். தொடக்கநிலையின் நடுவில் வீடு மாறினால் புதிய வட்டாரத்தில் காலியிடம் உண்டா என்பதைப் பொறுத்தே எல்லாம். ஒரு வகுப்பில் இடம் இருக்கும், இன்னொன்றில் இராது. அக்காள் ஓரிடம், தம்பி ஓரிடம் என்னும் நிலை இன்றும் எழுவதுண்டு. அக்காளின் பள்ளியில் தமிழ் இருந்து தம்பியின் பள்ளியில் இல்லாமலும் போகலாம். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. புதிதாக வந்து சேரும் பிள்ளையிடம் முந்தைய பள்ளியில் எந்த மொழி படித்தாய் என்று நாம் தவறாமல் கேட்கிறோம். உன் அக்காள் என்ன படிக்கிறாள் என்று கேட்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்மொழி வரலாறு தொகுக்கும் பணி இந்நாட்டில் 1979 முதல் முறைப்படி நடந்து வருகிறது. ஆயினும் குடிபெயர்வைப் பற்றிய நேர்காணல்களில் வீட்டைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். பள்ளியைப் பற்றித் தனியே கேட்கிறார்கள். உங்கள் தாத்தா பாட்டியரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த ஆண்டு வீடு மாறினீர்கள், அப்போது யார் யார் எந்த வகுப்பில் இருந்தார்கள், யார் பழைய பள்ளியிலேயே தொடர்ந்தார்கள், எந்த எண் பேருந்தில் போனார்கள், யாருக்குத் தமிழ் கிடைத்தது, யாருக்கு மலாய் கிடைத்தது என்று கேளுங்கள். மதிப்பெண் ஏடுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் மூன்று இருக்கின்றன. இரண்டு தமிழிலும் ஒன்று ஆங்கிலத்திலும். மூன்றிலும் பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் தந்தையார் தமிழிலேயே கையெழுத்திட்டிருக்கிறார்.